நாலு பேர் வீட்டுக்கு வாரம் 4,500 சாப்பாட்டு செலவு அதிகமா?

கேள்வி இதுதான்: மதுரை திருநகர்ல நாலு பேர் குடும்பம், ரெண்டு பெரியவங்க, ஆறாவதும் மூணாவதும் படிக்கிற ரெண்டு பசங்க, வாரத்துக்கு சாப்பாட்டு செலவு 4,500 வருது, மாமியார் "நாங்கல்லாம் மாசம் 1,500-ல குடும்பத்த ஓட்டுனோம்"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, வீட்டுக்காரர் காய்கறி செலவ கொறைன்னு சொல்றாரு, நெசமாவே இது அதிகமான்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். பால், பழம், பசங்க தீனி, வெளிய சாப்புடுறது எல்லாம் சேர்த்து 4,500-ன்னா கொஞ்சம் கூடத்தான், ஆனா பயப்படுற அளவுக்கு இல்ல. மளிகையும் காயும் கறியும் மட்டுமே 4,500-ன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. எதுவா இருந்தாலும் காய்கறில கை வைக்காதீங்க. ஏன்னு சொல்ல கொஞ்சம் நீட்டி எழுதணும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் கொஞ்ச காலம் குடும்ப நுகர்வு செலவு சர்வேல ஒப்பந்தத்துல கணக்கெடுக்க போயிட்டு இருந்தேன். வீடு வீடா போயி, அரிசி எவ்ளோ, பருப்பு எவ்ளோ, எண்ணெய் எவ்ளோ, வெத்தலை பாக்கு வரைக்கும் கேட்டு டேப்லெட்ல ஏத்தணும், 400-க்கும் மேல ஐட்டம் இருக்கும். அந்த வேலைல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, "வாரத்துக்கு சாப்பாட்டுக்கு எவ்ளோ செலவு பண்றீங்க"ன்னு மொட்டையா கேட்டா சரியான பதில் யாருகிட்டயும் வராது. பொய் சொல்றாங்கன்னு இல்ல, நம்ம ஊர்ல வாரத்துக்கு ஒரு தடவ மொத்தமா சாமான் வாங்குற பழக்கமே கெடையாது, அதான் விஷயம். மளிகை மாசத்துக்கு ஒருக்கா, காய் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ, கறி ஞாயித்துக்கிழமை, பாலு தினமும் காலைல, கொத்தமல்லி தழையும் தயிரும் தீந்து போன அன்னைக்கு சாயங்காலம் தெருமுனை கடைல. அஞ்சு விதமா போற காச மனசுக்குள்ளயே கூட்டி ஒரு நம்பர் சொல்லுன்னா எப்படி சொல்றது?

அதனாலதான் அந்த சர்வேலயே காலத்த பிரிச்சு வச்சு கேப்பாங்க. எண்ணெய், முட்டை மீன் கறி, காய்கறி, பழம், மசாலா சாமான், டீ காபி பலகாரம் இதெல்லாம் கடைசி 7 நாள் கணக்கு. அரிசி, பருப்பு, சர்க்கரை, உப்பு கடைசி 30 நாள் கணக்கு. துணிமணி, கட்டில் பீரோ மாதிரி சமாச்சாரம் ஒரு வருஷ கணக்கு. இன்னொன்னு, சாப்பாட்டு சாமான்ல எவ்ளோ வாங்குனீங்கன்னு கேக்க கூடாது, வீட்டுல எவ்ளோ பயன்படுத்தி தீந்துச்சுன்னுதான் கேக்கணும்.

இத ஒரு பாட்டிதான் எனக்கு நல்லா புரிய வச்சாங்க. ஒரு வீட்டுல போயி "போன ஏழு நாள்ல எண்ணெய் எவ்ளோம்மா"ன்னு கேட்டா "எண்ணெயே வாங்கலையேத்தா"ங்குறாங்க. அடுப்புல வடை வெந்துக்கிட்டு இருக்கு! "வாங்குனது இல்ல பாட்டி, செலவானது"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயி தகர டப்பாவ தூக்கிட்டு வந்து, ஒரு வெரல உள்ள விட்டு எண்ணெய் எதுவரைக்கும் இருக்குன்னு தொட்டு பாத்து, "போன வாரம் இந்த கணுவரைக்கும் இருந்துச்சு, இப்ப இது வரைக்கும், நீயே கணக்கு போட்டுக்க"ன்னு வெரல நீட்டுனாங்க. அளந்து பாத்தா முக்கா லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. ரசீது வச்சிருந்த நெறைய வீட்டுல கூட இவ்ளோ சரியான கணக்கு எனக்கு கெடைச்சதில்ல.

சரி இப்போ சராசரி என்னன்னு பாப்போம், நீங்க அதத்தான் கேட்டீங்க. 2022 ஆகஸ்ட்ல இருந்து 2023 ஜூலை வரைக்கும் எடுத்த சர்வேல தமிழ்நாட்டு நகரத்துல ஒரு ஆளுக்கு மாசம் 7,630 ரூபாய் செலவு, கிராமத்துல 5,310. இது சாப்பாடு மட்டும் இல்ல, பள்ளிக்கூட ஃபீஸ், பஸ், டாக்டர், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் சேர்த்து. இதுல சாப்பாட்டு பங்கு அகில இந்திய அளவுல நகரத்துல 39 சதவீதம் சொச்சம், கிராமத்துல 46 சொச்சம். அந்த பங்க அப்படியே நம்ம ஊர் நகரத்துக்கு போட்டா (ஒரு குத்துமதிப்புக்குத்தான்) நாலு பேருக்கு மாசம் 12,000 கிட்ட வரும், வாரத்துக்கு 2,750 மாதிரி. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் சாப்பாட்டு சாமான் விலை வருஷத்துக்கு ஏழு சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, பொறவு 2025-ல காய்கறி பருப்பு விலை விழுந்து கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. எல்லாத்தையும் சேர்த்தா இன்னைக்கு 3,000-த்துக்கும் 3,300-க்கும் நடுவுல வச்சுக்கலாம்.

ஆனா இந்த சராசரிய கொண்டு போயி உங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டாதீங்க. அதே சர்வேல இந்தியா முழுக்க நகரத்துல ரொம்ப கீழ இருக்குற 5 சதவீதம் ஆளுங்க ஆளுக்கு மாசம் 2,001 ரூபாய் செலவு பண்றாங்க, மேல இருக்குற 5 சதவீதம் 20,824. பத்து மடங்கு. இந்த ரெண்டு பேரையும் ஒரே தட்டுல போட்டு வந்த நம்பரோட உங்க வீட்ட ஒப்பிட்டா என்ன தெரியப்போகுது? பக்கத்து வீட்டோட ஒப்பிடுறதும் அப்படித்தான். அவங்க பிள்ளைங்க அரசு ஆரம்ப பள்ளிக்கூடத்துல படிச்சா காலைலயும் மதியமும் சாப்பாடு அங்கயே ஆயிடும். காலை உணவு திட்டத்த 2022 செப்டம்பர் 15-ல நம்ம மதுரைலதான் ஆரம்பிச்சாங்க, மதியம் சத்துணவு 1982-ல இருந்தே இருக்கு. ரெண்டு பிள்ளைக்கு வாரத்துல அஞ்சு நாள் ரெண்டு வேளைன்னா இருபது சாப்பாடு, அது அவங்க வீட்டு கணக்குலயே வராது. உங்க வீட்டுல அந்த இருபதும் டிபன் பாக்ஸ்ல போகுது.

ரேஷனும் அப்படித்தான். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம். நாலு பேர் கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ரெண்டு கிலோ சர்க்கரை வாங்குனா, வெளி விலைய பாத்தா மாசம் 200-ல இருந்து 250 வரைக்கும் மிச்சம், அரிசிய சேர்க்காமலேயே. நெறைய பேர் கார்ட வச்சுக்கிட்டு "அந்த க்யூல யாரு நிக்கிறது"ன்னு விட்டுடறாங்க. ரேஷன் புழுங்கல் அரிசிய சோறாக்க புடிக்கலன்னா இட்லி மாவுக்கு போடுங்க, எங்க வீட்டுல பாதிக்கு பாதி இட்லி அரிசியோட கலந்துதான் ஆட்டுறேன், யாரும் கண்டுபுடிச்சதில்ல.

இப்போ என் வீட்டு கணக்கே சொல்றேன். நாங்களும் நாலு பேர், என் மாமியாரு, நாங்க ரெண்டு பேர், காலேஜ் போற பையன் ஒருத்தன். ஊர் ஊரா கணக்கெடுத்த நானு என் வீட்டுல எடுத்ததே இல்ல. யாரோ ஒருநாள் கேட்டப்போ "ஒரு 2,300 ஆகும்"னு பட்டுன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சரின்னு பையனோட பழைய நோட்டு ஒண்ண எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வச்சு நாலு வாரம் எல்லாத்தையும் எழுதுனோம். எல்லாத்தையும்னா எல்லாத்தையும், மாமியார் கோயிலுக்கு போயிட்டு வர்றப்ப வாங்கி தின்ன அவிச்ச கடலை 10 ரூபாய் உட்பட.

26 கிலோ பொன்னி மூட்டை 1,500 சொச்சம், அஞ்சு வாரம் வரும், அதனால வாரத்துக்கு 300. (25 கிலோ மூட்டை எங்க போச்சுன்னு யோசிச்சிருப்பீங்க. 2022 ஜூலை 18-ல இருந்து லேபிள் ஒட்டி பேக் பண்ணுன அரிசி 25 கிலோ வரைக்கும்னா 5 சதவீதம் ஜிஎஸ்டின்னு வந்துச்சு, ஒரு கிலோ சேர்த்து 26-ஆ கட்டிட்டா வரி இல்ல. மில்லுக்காரங்களுக்கு சொல்லியா குடுக்கணும்.) பருப்பு, புளி, மொளகா, மசாலா, காபித்தூள், சர்க்கரை, ரவை, சேமியா இதெல்லாம் சேர்த்து மாசம் 3,000, வாரத்துக்கு ஒரு 700. எண்ணெய் எல்லா வகையும் சேர்த்து மாசம் 950, வாரத்துக்கு 220. காய்கறி வெங்காயம் தக்காளி தேங்கா சேர்த்து 500. முட்டை, ஞாயித்துக்கிழமை கோழி, நடுவுல ஒரு நாள் அரை கிலோ மீனு, மாசத்துக்கு ஒருக்கா அரை கிலோ ஆட்டுக்கறி, எல்லாத்தையும் வாரத்துக்கு பிரிச்சா 600. இது வரைக்கும் கூட்டுனா 2,320. நான் சொன்ன 2,300 இதுதான்! அதாவது மனசுக்குள்ள "சாமான் வாங்குறது"ன்னு எதுக்கெல்லாம் பேரு வச்சிருக்கனோ அத மட்டும் கூட்டி சொல்லியிருக்கேன்.

மிச்சம் நோட்டுல இருந்துச்சு. பால் தினமும் ஒன்றரை லிட்டர், ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபா, நாளைக்கு 60, வாரத்துக்கு 420. பாலுக்கு மாசக்கடைசில பால்காரருக்கு மொத்தமா குடுக்குறதால அது கரண்ட் பில் மாதிரி ஆயிடுச்சு, சாப்பாட்டு செலவுன்னே தோணுறதில்ல. பழம் 250. பிஸ்கட், முறுக்கு, ரஸ்க், பையனோட சிப்ஸ் 300. வெளிய சாப்புட்டது, சனிக்கிழமை ராத்திரி பரோட்டா, அவரோட டீ வடை, பையன் கேன்டீன், ஒருநாள் ஆப்ல வந்த பிரியாணி எல்லாம் சேர்ந்து 700. கூட்டுனா 1,670. ஆக மொத்தம் வாரத்துக்கு 3,990. நான் சொன்னது 2,300, நெசம் 4,000. இதுல நான் கணக்கெடுத்தவ வேற.

இந்த 1,670-தான் இந்த பதிலோட சாரமே. மறந்து போனது எதுவும் மொத்தமா வாங்குனது இல்ல, எல்லாம் பத்தும் இருபதுமா கை மாறுனது. காய்கறி பையி கனமா இருக்கு, தூக்கிட்டு வர்றோம், கை வலிக்குது, அதனால அது செலவுன்னு ஞாபகம் இருக்கு. டீக்கு யாரு தூக்கிட்டு வர்றா?

சர்வேல இது ஒரு பெரிய தலவலி. வீட்டுல பதில் சொல்றது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான், வீட்டுக்காரர் வெளிய என்ன சாப்புடுறாருன்னு அவங்களுக்கு எப்படி தெரியும். ஒரு வீட்டுல அந்தம்மா "அவரு வெளிய பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டாரு"ன்னு பெருமையா சொல்லிட்டு இருக்காங்க, அவரு உள்ள வந்தாரு, நான் சும்மா இருக்காம "அண்ணே டீ எத்தன குடிப்பீங்க"ன்னு கேட்டுட்டேன். மனுஷன் பொண்டாட்டிய ஒரு பார்வ, என்னய ஒரு பார்வ. "நாலு"ன்னாரு. டீ 12 ரூபான்னு வச்சாலே மாசம் 26 நாளைக்கு 1,248 ரூபா ஆகுது, ஒரு மூட்டை அரிசிக்கு பக்கத்துல வந்துருச்சு. வடைய பத்தி நான் கேக்கல, அந்த வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்போ உங்க மாமியார் பேச்சுக்கு வருவோம். 1,500 ரூபாய்ல குடும்பம் நடத்துனேன்னு அவங்க சொல்றது பொய் இல்ல, ஆனா அந்த 1,500 எதுக்கு போச்சுன்னு கேளுங்க. 1999-2000 சர்வேல இந்திய கிராமத்துல மொத்த செலவுல 59 சதவீதம் சாப்பாட்டுக்கே போச்சு, அதுல அரிசி கோதுமை மாதிரி தானியத்துக்கு மட்டும் 22 சதவீதம். 2022-23-ல தானியம் 5 சதவீதத்துக்கும் கீழ. நகரத்துல 12 சொச்சத்துல இருந்து 3.64-க்கு எறங்கிடுச்சு. அதே நேரத்துல டீ காபி, கூல்டிரிங்ஸ், பாக்கெட் தீனி, வாங்கி சாப்புடுற சமைச்ச சாப்பாடு எல்லாம் சேர்ந்த கூட்டம் நகரத்துல 10.64 சதவீதத்துக்கு வந்து நிக்குது, சாப்பாட்டு ஐட்டத்துலயே பெரிய பங்கு அதுதான். அதாவது உங்க மாமியார் காலத்துல மொத்த செலவுல பெரிய துண்டு அரிசிக்கு போச்சு, கறி எப்பவாச்சும், ஆப்பிள் காய்ச்சல் வந்தாத்தான். அவங்க கம்மியா செலவு பண்ணல, அவங்க மொத்த செலவுல சாப்பாட்டுக்கு உங்களவிட பெரிய பங்கு போச்சு. இத அவங்ககிட்ட பக்குவமா சொல்லுங்க, சண்டை போடுறதுக்கு யூஸ் பண்ணாதீங்க, என் மாமியார்கிட்ட சொல்லி வாங்கி கட்டிக்கிட்ட அனுபவத்துல சொல்றேன்.

வீட்டுக்காரர் ஏன் காய்கறிய புடிச்சிக்கிட்டாருன்னும் எனக்கு புரியுது. காய்கறி விலைதான் டிவில வரும். 2023 ஜூலைல தக்காளி 100-அ தாண்டி போனப்போ சென்னைல ரேஷன் கடைல கிலோ 60-க்கு வச்சு வித்தாங்க, ஊரே அதத்தான் பேசுச்சு. ஆனா கணக்கு பாருங்க, வாரத்துக்கு ரெண்டு கிலோ தக்காளி வாங்குற வீட்டுல கிலோ 30-ல இருந்து 120-க்கு போனா வாரத்துக்கு 180 கூட, அதுவும் ஒன்றரை ரெண்டு மாசம், அப்புறம் விழுந்துடும், நடுவுல நாமளும் புளிய கூட போட்டு சமாளிச்சிக்குவோம். எண்ணெய் அப்படி இல்ல. 2024 செப்டம்பர் 14-ல சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரிய ஏத்துனாங்க, கச்சா எண்ணெய்க்கு 5.5-ல இருந்து 27.5 சதவீதம், சுத்திகரிச்சதுக்கு 13.75-ல இருந்து 35.75. சூரியகாந்தி பாக்கெட் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல ஏறுச்சு, அது மறுவாரமே எறங்குற விலை இல்ல. 2025 மே கடைசில கச்சா சமையல் எண்ணெய் வரிய 27.5-ல இருந்து 16.5 சதவீதத்துக்கு கொறைச்சாங்க, கடைல அந்த அளவுக்கு கொறைஞ்ச மாதிரி எனக்கு தெரியல. தேங்காயும் 2025-ல ஏறி உக்காந்துச்சு, அப்பத்துல இருந்து எங்க வீட்டுல சட்னில பொட்டுக்கடலைதான் ஜாஸ்தி.

காய்கறில கொறைக்கணும்னா வாங்குற அளவ கொறைக்காதீங்க, வாங்குற எடத்த மாத்துங்க. உழவர் சந்தை மொத மொதல்ல ஆரம்பிச்சதே நம்ம மதுரை அண்ணா நகர்லதான், 1999 நவம்பர் 14. காலைல ஆறு ஆறரைக்கு போங்க, விலை போர்டுல எழுதியிருக்கும், பேரம் பேசுற தலவலி இல்ல, எடையும் ஒழுங்கா இருக்கும். ஒம்பது மணிக்கு மேல போனா கூட்டம் கொறைவு, ஆனா அடில கெடந்த கத்திரிக்காதான் கெடைக்கும். நான் வாரத்துக்கு ரெண்டு தடவ போறேன், ஒரே தடவையா 500-க்கு வாங்குனா வியாழக்கிழமைக்குள்ள கீரை அழுகி கொத்தமல்லி கருத்துடுது. ஒரு அக்காகிட்ட வழக்கமா வாங்குனா கறிவேப்பிலையும் பச்ச மொளகாயும் கொசுறா போடுவாங்க, மாசத்துக்கு ஒரு 60, 70 ரூபாய் அதுலயே மிச்சம்.

மளிகைக்கு கீழமாசி வீதி வரைக்கும் போகணுமான்னு கேட்டா, மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா வாங்குனா பருப்பு மொளகா மல்லிக்கு நல்லாவே வித்தியாசம் தெரியும். அரை கிலோ கால் கிலோவா வாங்குறதுக்கு போனா ஆட்டோ காசுக்கு சரியா போயிடும். உங்க தெரு கடைலயே "லிஸ்ட் குடுக்குறேன், மொத்தமா போட்டு குடுங்கண்ணே"ன்னு கேட்டு பாருங்க, நெறைய கடைல கொறைச்சுத்தான் போடுவாங்க.

நான் பாத்தவரைக்கும் இப்போ பெரிய ஓட்டை பத்து நிமிஷத்துல கொண்டு வர்ற ஆப்தான். எங்க அக்கா வீட்டுல ஒருநாள் உக்காந்து பாத்தேன். தேவைப்பட்டது ரெண்டு பாக்கெட் பாலும் ஒரு கட்டு கொத்தமல்லியும், 55 ரூபாய்க்குள்ள. இன்னும் இவ்ளோக்கு வாங்குனா டெலிவரி ஃப்ரீன்னு மேல ஒரு கோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அத நெரப்புறதுக்கு ஒரு ஐஸ்கிரீம், ஒரு பாக்கெட் நாச்சோஸ், எதுக்குன்னே தெரியாத ஒரு சாஸ். கடைசில 243 ரூபாய். 30 ரூபாய் டெலிவரி காச மிச்சம் புடிக்க 190 ரூபாய்க்கு வாங்குனோம்னு அக்காகிட்ட சொன்னேன், "பசங்க சாப்புடுவாங்கடி"ன்னா. சாப்புடத்தான் செஞ்சாங்க, சாஸ் மட்டும் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவுல அப்படியே நிக்குது.

பாக்கெட் தீனில இன்னொரு வித்தை இருக்கு, 5 ரூபாய் 10 ரூபாய் பாக்கெட் விலை ஏறவே ஏறாது, உள்ள கிராம்தான் கொறையும். விலை ஏறலையேன்னு நாமளும் ரெண்டு பாக்கெட்டா எடுப்போம். இப்போல்லாம் பாக்கெட்ல ஒரு கிராமுக்கு இவ்ளோன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டு அத மட்டும் பாத்து வாங்குங்க. 2025 செப்டம்பர் 22-ல பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5-க்கும், நெய் வெண்ணெய்க்கு 12-ல இருந்து 5-க்கும் கொறைஞ்சுது. கடைல பழைய ஸ்டாக்க பழைய விலைக்கே குடுத்தா கேளுங்க, கூச்சப்படாதீங்க.

நீங்களும் நாலு வாரம் எழுதி பாருங்க. ரெண்டு வாரம் போதாது, ஒரு வாரம் விருந்தாளி வந்துடுவாங்க, ஒரு வாரம் விரதம்னு கறி இருக்காது. தீபாவளி பொங்கல் ஆடி மாசம் நடுவுல எடுக்காதீங்க, கணக்கு எங்கயோ போயிடும். ஜிபே ஃபோன்பே வரலாற பாத்தா பாதி வந்துடும், ஆனா சந்தைல கைக்காசு, அது எழுதுனாத்தான் உண்டு. மாசத்து சாமான வாரத்துக்கு மாத்தும்போது நாலால வகுக்காதீங்க, மாசத்துக்கு நாலு வாரமும் ரெண்டு மூணு நாளும் இருக்கு, 4.33-ஆல வகுக்கணும். 13,000 ரூபாய நாலால வகுத்தா 3,250, சரியா வகுத்தா 3,000. உங்க 4,500-யே இப்படி வந்ததா இருந்தா நெசம் 4,150 மாதிரிதான், ஒரு பைசா மிச்சம் புடிக்காமலே 350 கொறைஞ்சிருச்சு. அப்புறம், வீட்டுக்காரர் தனியா ஒரு சீட்டுல அவரு டீ வடைய எழுதட்டும், நீங்க எட்டி பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, இல்லன்னா எழுத மாட்டாரு. கடைசில மொத்தத்த மட்டும் வாங்கிக்குங்க.

எங்க வீட்டுல அந்த நோட்ட பாத்துட்டு நாங்க செஞ்சது ரொம்ப கொஞ்சம். ஆப்ப என் செல்லுல இருந்து எடுத்துட்டேன். பையன் சிப்ஸுக்கு பதிலா வாரத்துக்கு ஒருநாள் மாமியார் முறுக்கோ தட்டையோ சுடுறாங்க, எண்ணெய் செலவு அதுல கொஞ்சம் ஏறுச்சு, அது வேற கத. சனிக்கிழமை பரோட்டாவ நிறுத்தல, நிறுத்துனா வீட்டுல கலவரம் ஆயிடும். வாரத்துக்கு ஒரு 350 ரூபாய் கொறைஞ்சுது, அதுல 100 ரூபாய்க்கு பழம் கூட வாங்குறோம். காய்கறி அதே 500-தான், போன மாசம் முருங்கைக்கா விலை ஏறுனப்ப 560.

உங்க 4,500-ல பாலும் வெளிச்சாப்பாடும் சேர்ந்திருக்கான்னும், மளிகைய நாலால வகுத்தீங்களான்னும் மட்டும் சொல்லுங்க, மிச்சத்த உக்காந்து கூட்டி பாத்து சொல்றேன்.